வெட்டிய பிறகு பினாயில்

போன வாரம் சுகந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த விற்பனையாளர் அவள். கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்துக்காகக் காத்திருக்கிற நேரத்தில்தான் அவளுக்கு என் நினைவு வரும். அன்றைக்கு நலம்கூட விசாரிக்கவில்லை.

“அண்ணா, ஒரு சந்தேகம். விக்காத காயெல்லாம் சாயங்காலம் வெட்டிப் போட்டுட்டு, அதுக்கு மேல பினாயில் ஊத்தணும்னு ரூல் கீதே. ஊத்தறதுதான் ஊத்தறோம், அப்பறம் இன்னாத்துக்கு வெட்டறது? இன்னிக்கு ரெண்டு பூசணிக்கா. கையெல்லாம் நோவுது. எவன்ணா போட்டான் இந்த ரூல?”

“என்னாலதாம்மா வந்துது,” என்றேன்.

சிரித்தாள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, வைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் நின்றுகொண்டே போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பாகூர் பக்கத்துக்காரன். அப்பாவும் அண்ணனும் கத்தரி, வெண்டை, கீரை போட்டவர்கள். இருந்த நிலத்தில் மூன்று ஆளுக்கு வேலை இல்லை என்று என்னைக் கூட்டுறவுச் சங்கத்தின் காய்கறிப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். சங்கத்தின் பெயரை எழுத மாட்டேன். ஓய்வுக்காலத்தை நிம்மதியாகக் கழிக்க ஆசை இருக்கிறது. முதலில் நகரத்துக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். அப்புறம் எடை போட்டேன். அப்புறம் பில் போட்டேன். முதுகுவலி, கால்வலி, கண்வலி என்று வரிசைப்படி எல்லாவற்றையும் பெற்ற பிறகு விற்பனையாளர் ஆக்கினார்கள்.

சங்கம் காய் வாங்குகிற விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. பாகூரிலும் அபிஷேகப்பாக்கத்திலும் பறிக்கிற காய் விடிவதற்குள் லோடு ஆட்டோவில் நகரத்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும். அங்கே ஏலத்தில் எங்கள் கொள்முதல் எழுத்தர் வாங்குவார். கிடங்குக்குப் போய் எடை போட்டு, ஒரு ராத்திரி படுத்துக் கிடந்து, மறுநாள் லாரியில் ஏறிக் கடைகளுக்கு வரும். நான் வேலை பார்த்த வில்லியனூர்ப் பக்கத்துக் கடைக்கு எங்கள் ஊரிலிருந்து குறுக்கே வர நல்ல சாலை இருக்கிறது. காய்க்கு அந்தச் சாலை தெரியாது. அது நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

என் அண்ணன் சாக்கின் வாயைத் தைக்க மாட்டார். வாழைநாரால் இரட்டை முடிச்சுப் போட்டு, வாலை உள்ளே செருகிவிடுவார். ஒரு நாள் லாரியிலிருந்து இறங்கிய மூட்டையில் அந்த முடிச்சைப் பார்த்தேன். அண்ணன் வீட்டுக் களத்தில் கட்டிய முடிச்சைத் தம்பி கடையில் அவிழ்த்தேன். கத்தரிக்காயின் காம்பு கறுத்து, தோல் தொய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அவரிடம் சொன்னேன்.

“பறிச்ச கையோட நானே கொண்டாந்து உன் கடையில போட்டிருப்பேனேடா,” என்றார்.

சங்கத்தில் அதற்கு இடமில்லை என்றேன். “அப்ப எதுக்குத்தான் எடம் கீது அங்க?” என்று கேட்டார். நான் சோற்றைப் பிசைந்தேன். அன்றைக்கு அண்ணி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு காலையில் பறித்த காயில் வைத்தது.

கடை இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நகரத்து மார்க்கெட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகக் குடிசை போட்டிருந்தவர்களைக் கிளப்பி, வில்லியனூரைத் தாண்டி, கரும்பு போட்ட நிலத்தை நிரவிக் கட்டிய மாடி வீடுகளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் ‘பிளாட்ஸ்’ என்பார்கள். வீடு கெட்டியான வீடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டியவர்களுக்கு மனிதர்கள் சாப்பிடுவார்கள் என்கிற விஷயம் கடைசியில்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு பெட்டிக்கடை. சிப்ஸ், மிக்சர், நூடுல்ஸ், ஊறுகாய் என்று எல்லாம் பாக்கெட்டில் சரம் சரமாகத் தொங்கும். கலர் பாட்டில் இருக்கும். முளைவிட்ட உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரு கூடையில் இருக்கும். அந்தக் கடையில் பச்சையாக இருந்த ஒரே பொருள் பாத்திரம் தேய்க்கிற நார்தான். காய் வேண்டுமென்றால் பேருந்து பிடித்து வில்லியனூர் போக வேண்டும். அதனால்தான் எங்கள் சங்கம் அங்கே ஒரு கடை திறந்து என்னை உட்கார வைத்தது.

உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. காலை பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மூட வேண்டும் என்பது உத்தரவு. பிளாட்ஸ் ஜனங்கள் முதல் பஸ்ஸில் நகரத்துக்கு வீட்டு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் சுமை தூக்கவும் போய், நான் பூட்டைத் தொங்கவிட்ட பிறகுதான் திரும்பி வருவார்கள். பகலில் அங்கே இருப்பது நடமாட முடியாத கிழங்களும் நாய்களும். லாரியில் ஏற்கெனவே பாதி வாடி வந்த கீரை, தகரக் கூரையின் சூட்டில் மத்தியானத்துக்குள் மீதியும் வாடும். நான் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பேன்.

முதலில் என்னிடம் வந்து பேசியவள் அஞ்சலை. ஐம்பது வயது இருக்கும். நகரத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று சீக்கிரம் வந்தவள் கடையில் எட்டிப் பார்த்தாள்.

“கூறு போடலியாண்ணா?”

“எடை போட்டுத்தாம்மா. எது வேணும்னாலும் கால் கிலோவுல இருந்து தருவேன்.”

“ஒரு கொழம்புக்கு கால் கிலோ கத்திரிக்கா, கால் கிலோ முருங்கக்கா, கால் கிலோ பரங்கிக்கான்னு வாங்கி நான் இன்னா கல்யாணமா பண்ணப்போறேன்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர்கள் வாய்க்கால் ஓரத்தில் இருந்தபோது, மார்க்கெட் சாத்துகிற நேரத்துக்குத்தான் போவார்கள். மீந்த காயை வியாபாரிகள் சாக்கின் மேல் கூறு கூறாக வைத்திருப்பார்கள். ரெண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு பத்தை பரங்கி, கைப்பிடி கொத்தவரை, நாலு மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அது ஒரு கூறு. அதை யாரும் நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். ராத்திரிக் குழம்பு அதில் முடிந்துவிடும், நாளைய காய் நாளைக்கு. காலம்காலமாக அப்படித்தான் அந்த ஜனம் தினமும் காய் தின்றிருக்கிறது. கிலோ என்பது அவர்களுக்கு அரிசிக்கு உள்ள கணக்கு. அவர்களை மார்க்கெட்டிலிருந்து அப்புறப்படுத்தியபோது வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தவர்கள், கூறுக்குப் பதிலாக எதுவும் கொடுக்கவில்லை.

அஞ்சலையின் புருஷன் முனுசாமியை எனக்கு முன்பே தெரியும். நான் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் அவர் மார்க்கெட்டில் தூக்கினார். லாரியிலிருந்து ஒரே மூச்சில் பூசணி மூட்டையை இறக்குகிற ஆள். மூட்டையிலிருந்து உதிர்கிற காய் சுமைக்காரருக்கு என்பது மார்க்கெட் வழக்கம். தினமும் தலைத்துண்டில் ஏதாவது முடிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவார். பிளாட்ஸுக்கு வந்த பிறகு, விடிவதற்குள் முடிந்துவிடுகிற அந்த வேலைக்கு முதல் பஸ்ஸில்கூட நேரத்தில் போய்ச் சேர முடியாமல் நின்றுபோனது. சர்க்கரை வியாதி வந்தது. வலது காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. மாடிப்படியின் முதல் வளைவில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார்.

ஒரு நாள் அஞ்சலை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு தட்டு வரைந்து, அதில் பாதிக்குக் காயும் கீரையும், மீதிப் பாதியில் சோறும் மற்றதும் போட்டிருந்தது.

“இப்டி சாப்ட்டாதான் புண்ணு காயுமாம். இல்லாட்டி கால எடுத்துடுவோம்னு சொல்லிட்டாரு டாக்டரு. தட்டுல பாதி காயா இருக்கணுமாம்ணா. மீதிப் பாதிதான் எங்கூட்ல கீது.”

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சொன்ன நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பினாயில் கலக்கிக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் சங்கத்தின் கழிவு முறை. கடை மூடுவதற்கு முன் காயைப் பிரிக்க வேண்டும். அழுகல், வாடல், நாளைக்குத் தாங்காதது மூன்றையும் நீலத் தொட்டியில் போட்டு, எடை போட்டு, போனில் படம் எடுக்க வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் பினாயிலைக் கலந்து, பால் போல வெளுத்ததும் தொட்டி முழுக்கப் படும்படி ஊற்ற வேண்டும். மறுபடியும் படம். இரண்டு படத்தையும் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பின்னால் இருக்கிற குழியில் கொட்டி மண் போட வேண்டும். ஒரு முறை படத்தில் வெள்ளை தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இன்னொரு குவளை ஊற்றி அனுப்பினேன். அழுகல் என்னவோ தொட்டியில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அன்றைக்குச் சமைத்தால் குழம்பு, மறுநாள் பார்த்தால் குப்பை என்கிற ரகம்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் எங்கள் மேலாளர் கஜேந்திரன் சார். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை யாரும் சொல்ல முடியாது, அதுதான் என் எரிச்சல். நகராட்சி அலுவலகத்தை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் ‘மேரி’ என்பார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து மேரியில் அவருடைய தாத்தா வேலை பார்த்தாராம். அந்த விறைப்பு இவருக்கும் வந்திருந்தது. மூட்டை தூக்குகிறவனைக்கூட “வாங்க, உக்காருங்க” என்பார். கடைக்கு வந்தால் கைக்குட்டையால் தராசுத் தட்டைத் துடைப்பார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார், ஒடித்த காயை வேறு யாருக்கும் தள்ளாமல் தானே எடை போட்டு, பில் போட்டு வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு முன்னால் ஒரு கடையில் நல்ல காயைக் கழிவு என்று எழுதிவிட்டுப் பின்வாசல் வழியாக மெஸ்ஸுக்கு விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். அவனைப் பிடித்தவர் இவர்தான். அந்தத் திருட்டு மறுபடி நடக்கக்கூடாது என்றுதான் பினாயில்.

அஞ்சலை அந்தப் படத்தைக் காட்டுவதற்கு வெகு நாள் முன்பே அவரிடம் போய்ச் சொல்லியிருந்தேன். கடையைச் சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்குத் திறந்து வைக்கலாம், கழிவில் போகிற காயைக் கூறு போட்டு விற்கலாம், சங்கத்துக்கும் நஷ்டம் குறையும் என்றேன்.

“நல்ல யோசனைங்க. எழுத்துல குடுங்க,” என்றார்.

கொடுத்தேன். பல வாரம் கழித்துக் கூப்பிட்டார். “கூறுன்னு ஒரு அளவே கிடையாதுங்களே. பில் மெஷின்ல எப்படிப் போடுவீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். சாயங்கால நேரத்துக்கு வாட்ச்மேன் கிடையாது என்றார். இருந்தாலும் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். சொன்னபடியே ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வந்தார். கடையில் நானும் ஒரு ஆடும் இருந்தோம்.

சுற்றிப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார். “இங்க காய் சாப்பிடற பழக்கமே இல்ல போலிருக்குதுங்க. பாவம். விழிப்புணர்வு வேணும்.”

பிறகு விழிப்புணர்வும் வந்தது. ஒரு வேலை நாளில் முற்பகலில் கூட்டம் போட்டார்கள். நான், மேலாளர், மைக் கட்டியவர், பெட்டிக்கடை அம்மாள், காது கேட்காத ஒரு தாத்தா ஆகியோர் காய்கறியின் நன்மைகளைத் தெரிந்துகொண்டோம். முனுசாமி மாடிப்படி வளைவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்திலிருந்து பேச வந்திருந்த ஒரு அம்மையார் தினம் ஒரு கீரை சேர்த்துக்கொள்ளச் சொன்னபோது அவர் அங்கிருந்தே கைதட்டினார். அவர் தட்டியது பாராட்டி அல்ல, கிண்டலுக்கு என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தட்டுப் படத்தை அஞ்சலை காட்டிய சாயங்காலம், கலக்கிய பினாயிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஒரு சாக்கை எடுத்து வாசலில் விரித்தேன். என்ன தைரியத்தில் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெறும் கோபம்தான். பில் இயந்திரத்தில் ‘இதர’ என்று ஒரு பொத்தான் உண்டு. ஒவ்வொரு கூறுக்கும் அதில் ஒரு பில் போடுவது என்று முடிவு செய்தேன். சங்கத்துப் பொருளைச் சங்கத்துக்குக் கணக்கு காட்டித்தான் விற்றேன், திருட்டு ஒன்றும் இல்லை.

கூறு போடத் தெரியாமல் நான் கத்தரிக்காயை ஒரு பக்கம், மிளகாயை ஒரு பக்கம் என்று குவித்ததைப் பார்த்து அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு கூறுல ஒரு கொழம்பு நிக்கணும்ணா. தோ, இப்டி. சொத்தக்காய அடியில ஒளிக்காத, மேல வை. ஒளிச்சா நாளைக்கு எவளும் இந்தப் பக்கம் வரமாட்டா.”

ஆறு மணிக்கு நான் பூட்டவில்லை. பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் முதலில் நம்பவில்லை. ஒருத்தி குனிந்து பார்த்தாள். அதன் பிறகு நான் பில் போடுகிற வேகம் போதவில்லை.

“ஏய், அந்தக் கூறுல மொளகா சாஸ்தியா கீதுடி, அது எனக்கு.”

“உன் வாய்க்கு மொளகா வேற வேணுமா?”

“கீரை வாடிக் கீதேண்ணா.”

“வாடலன்னா இந்த வெலைக்கு உனக்கு எதுக்குக் குடுக்கறாரு? தண்ணில போட்டா நிமுந்துக்கும், எடுடி.”

அன்றைக்கு மாடி மாடியாகத் தாளிக்கிற வாசனை வந்தது. நான் அந்தக் கடைக்கு வந்த பிறகு முதல் முறையாக அந்த வாசனையை முகர்ந்தேன். மறுநாள் முனுசாமி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி வந்து சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கத்தரிக்காயை எடுத்து உருட்டிப் பார்த்து, “பாகூர் காயி,” என்றார். சரியாகச் சொன்னார். அதற்கப்புறம் கூறு போடுவது அவர் வேலை ஆகிவிட்டது. மூட்டை தூக்கிய பெரிய கை, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூறின் மேல் வைத்துச் சரிசெய்யும். கொஞ்ச நாளில் புண்ணின் ஓரம் காய்கிறது என்று நர்ஸ் சொன்னதாக அஞ்சலை சொன்னாள். மாத்திரையாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அவர் முகம் தெளிந்திருந்ததை நான் பார்த்தேன்.

பினாயில் படம் வராததை அலுவலகம் கவனிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒரு சாயங்காலம், கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கஜேந்திரன் சார் வந்து நின்றார். வாடிக்கைக்காரர் என்று நினைத்து ஒருத்தி அவருக்கு வழிவிட்டாள்.

“வாங்க சார், பாத்து நல்ல கூறா எடுத்துக்கோங்க.”

“இருக்கட்டும்மா,” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“பினாயில் இருக்குதுங்களா?”

“இருக்கு சார்.”

“ஊத்திடுங்க.”

“சார், எல்லாம் நல்ல காய் சார். பில் போட்டுத்தான் விக்கறேன்.”

“நல்ல காயா இருந்தா கழிவுன்னு ஏங்க எடுத்து வெச்சீங்க? கழிவா இருந்தா ஏங்க விக்கறீங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

இத்தனை வருடம் காயோடு புழங்கிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இப்போது தினமும் வருகிறது, குளிக்கும்போதும் நடக்கும்போதும் வருகிறது. நல்ல காய்க்கும் கழிவுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது சார், அந்த ராத்திரியில்தான் இந்த ஜனம் சாப்பிடுகிறது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

“யாருக்காவது வயித்துக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது? ஊத்துங்க. நான் நிக்கறேன்,” என்றார்.

குவளையில் கலந்தேன். பெண்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். முனுசாமி அப்போதுதான் அடுக்கி முடித்திருந்த வரிசை. ஒவ்வொரு கூறாக ஊற்றினேன். வெள்ளை நீர் கத்தரிக்காயில் வழிந்து சாக்கில் இறங்கியது. ஆஸ்பத்திரி வாடை கிளம்பியது. அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட, அவர் அவ்வளவு மரியாதையாக நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

அஞ்சலை குனிந்து, தன் கூறிலிருந்த சுரைக்காயை எடுத்தாள். பினாயில் சொட்டியது. முந்தானையால் துடைத்தாள்.

“சொரக்காதான. தோலச் சீவிட்டா உள்ள இன்னா ஆவும்?” என்றாள். என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டாள்.

கஜேந்திரன் சாரின் முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, அது வெஷம்மா. கீழ வைங்க, தயவுசெஞ்சு கீழ வைங்க.”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி சொரக்காதான் சார் இது,” என்றாள்.

அவர் கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அஞ்சலை சுரைக்காயை வீசி எறியவில்லை. எடுத்த கூறின் மேலேயே, எடுத்த இடத்திலேயே வைத்தாள். புருஷனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, படி ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். முனுசாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் ஏறும் முன் சார் என்னைக் கூப்பிட்டார். நிஜமாகவே கலங்கியிருந்தார். “மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. அந்தம்மா எடுத்துட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? நம்ம முறையில ஒரு ஓட்டை இருக்குதுங்க. அத நான் சரி பண்ணணும்,” என்றார்.

நான் நம்பினேன். அந்த மனிதர் சொன்னதைச் செய்கிறவர் என்பதால் நம்பினேன். சாயங்கால நேரம் வரும், கூறுக்கு ஒரு பொத்தான் வரும் என்று வீட்டில்கூடச் சொன்னேன். அஞ்சலையிடமும் சொன்னேன், கொஞ்சம் பொறு, சார் மனசு இளகிவிட்டார் என்று. அவள் தலையை ஆட்டினாள்.

அவர் சொன்னதைச் செய்தார். எல்லாக் கடைக்கும் சுற்றறிக்கை வந்தது. கழிவுக் காய்களை முதலில் கத்தியால் துண்டு துண்டாக வெட்ட வேண்டும், வெட்டிய பிறகுதான் பினாயில் ஊற்ற வேண்டும், பொதுமக்களின் பாதுகாப்பு கருதி. ஓட்டை அடைபட்டுவிட்டது.

அத்துடன் எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் நெட்டப்பாக்கம் கடைக்கு மாற்றலும் வந்தன. பிளாட்ஸ் கடைக்கு வந்த புதிய ஆள் உத்தரவுப்படி ஆறு மணிக்குப் பூட்டினார். அப்புறம் விற்பனை இல்லை என்று கடையையே மூடிவிட்டார்கள். அந்த மக்களுக்குக் காய் வாங்குகிற ஆர்வம் இல்லை என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். டீ கொடுத்தார்கள், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

முனுசாமியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய் கிடைத்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் காய் தின்னாவிட்டால் கால் போய்விடும் என்று சொன்னது டாக்டர்தான். அந்தக் காயை வெட்டிப் பினாயில் ஊற்றியது நாங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு படிப்பும் தேவையில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அண்ணன் தோட்டத்துக் கத்தரிக்காயைப் பை நிறையப் பறித்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனேன். குறுக்குச் சாலையில்தான் போனேன், காலையில் பறித்த காய் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அஞ்சலை வீட்டில்தான் இருந்தாள். அவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை என்றாள். முனுசாமி கட்டிலில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். காம்பைப் பார்த்ததும், “இன்னிக்குப் பறிச்சதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நாலு கத்தரிக்காயை மட்டும் தன் பக்கம் ஒதுக்கினார். மிச்சத்தை அஞ்சலை தரையில் பிரித்து வைத்து, அந்த மாடியில் எத்தனை கதவோ அத்தனை கூறாகப் போட்டாள். பூச்சி அரித்த காயை ஒவ்வொன்றிலும் மேலே வைத்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, முந்தாநாள் சாயங்காலம் சுகந்தி மறுபடியும் போன் செய்தாள். இந்தத் தடவை நான் விடவில்லை. அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே கேட்டாள். கூறு, சுரைக்காய், முந்தானை, சுற்றறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்.

“அப்ப ரூல்ல கீரைய மட்டும் வெட்ட வேணாம், அப்டியே ஊத்தலாம்னு போட்டுக்கீதேண்ணா. நமக்கு வேலை மிச்சமாவட்டும்னா?”

“இல்லம்மா,” என்றேன். “கீரையில சீவறதுக்குத் தோல் இல்ல.”

பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பிப் போனது. அவள் போனை வைக்கவில்லை.